தேசப்பன் ஆடிய போக்கர்

தேசப்பனைப் போல மூஞ்சியை வைத்துக்கொள்ளக் காசிமேட்டில் ஒருத்தனுக்கும் தெரியாது. துறைமுக வாசலில் ஐஸ் டிப்போ வைத்திருக்கிறேன், பதினேழு வருடமாக மீன் ஏலத்தைப் பக்கத்தில் நின்று பார்க்கிறேன், அதனால் சொல்கிறேன். வஞ்சிரத்தின் செவுளைத் தூக்கிப் பார்த்து, கையை லுங்கியில் துடைத்துக்கொண்டு, "கலீஜா கீது" என்று தனக்குத்தானே முணுமுணுப்பான். பக்கத்தில் நாலு பேர் பின்வாங்குவார்கள். அதே மீனை மலிவாக எடுத்துக்கொண்டுபோய் விற்பான். இன்னொரு நாள் வாங்கும் எண்ணமே இல்லாமல் விலையை ஏற்றிவிட்டு, அடுத்தவர் தலையில் கட்டிவிட்டு, டீ குடிக்க வருவான். உதார் என்றால் அது உதார்.

அவனுடைய வேலையே காத்திருப்பதில் இருந்தது. ஏலக்காரர் ஒருதரம் சொல்வார், ரெண்டுதரம் சொல்வார், தேசப்பன் கடலைப் பார்த்துக்கொண்டு நிற்பான். மூணுதரம் வாயிலிருந்து வருவதற்குள் விலையைச் சொல்வான். அந்த இடைவெளியில் மற்றவர்கள் கேட்க வந்த விலையை விழுங்கிக்கொள்வார்கள். பெரிய ஓட்டல் ஆர்டர் கையில் இருக்கிறது போல என்று நினைத்துக்கொள்வார்கள்.

ஒருத்தர்தான் பயப்படாதவர், திருவொற்றியூர் மார்க்கெட்டில் கடை வைத்திருக்கும் கோவிந்தம்மா. அவன் எது கேட்டாலும் மேலே கேட்பார். பதினோரு வருடத்தில் நல்ல மீன் ஒன்றை அவனுக்கு அந்த அம்மாள் விட்டதில்லை.

அந்தத் தளத்தில் ஒரே சட்டம். ஏலம் யார் பேரில் முடிகிறதோ அவர் அங்கேயே காசை வைக்க வேண்டும். வைக்காதவர் மறுநாள் வாயைத் திறக்க முடியாது, அதற்கு மறுநாளும் முடியாது. எழுதி ஒட்டிய சட்டம் இல்லை. அதைவிடக் கெட்டி.

போன வருடத் தடைக்காலத்தில் அறுபத்தொரு நாள் விசைப்படகு எதுவும் கடலுக்குப் போகவில்லை. தேசப்பனுக்கு வேலை இல்லை. முதல் படகு கரைக்கு வரும் நாளுக்கென்று அவனும் அவன் மனைவி நர்மதாவும் அறுபதாயிரம் எடுத்து வைத்திருந்தார்கள். அந்தக் கைமுதல் இருந்தால்தான் அவன் ஏலத்தில் நிற்க முடியும். அப்போதுதான் நர்மதாவின் தம்பி விமல், மணலி கண்டெய்னர் யார்டில் சூப்பர்வைசர், போனில் காசு வைத்து ஆடும் போக்கர் சீட்டாட்டத்தைக் காட்டினான். என் டிப்போவில் உட்கார்ந்துதான் காட்டினான், அந்தக் கொடுமையையும் சொல்லிவிடுகிறேன்.

"ஆளுக்கு ரெண்டு சீட்டு மாமா, அது அவனவனுக்குத்தான் தெரியும். நடுவுல அஞ்சு சீட்டு எல்லாருக்கும் தெரியற மாதிரி வுழும். உன் கையில ஒண்ணும் இல்லன்னாலும் கீற மாதிரி காசை ஏத்திகினே போ. எதிராளி பயந்து சீட்டைப் போட்டுட்டு ஓடிப்பூடுவான். இதுக்குப் பேரு பிளஃப்பு."

தேசப்பன் வயிறு குலுங்கச் சிரித்தான். "இத்தத்தான்டா நான் இருவது வருசமா பண்ணிகினு கீறேன்!"

முதல் வாரம் ஜெயித்தான். பொய் சொன்னால் ஆரம்பத்திலிருந்து கடைசிவரை ஒரே பொய்யாகச் சொல்ல வேண்டும் என்று விமல் சொல்லிக்கொடுத்ததை அப்படியே பிடித்துக்கொண்டான். முதல் மூன்று சீட்டு விழுந்ததும் ஏற்று, நாலாவதுக்கும் ஏற்று, ஐந்தாவதில் இருப்பதையெல்லாம் தள்ளு. நடுவில் தயங்கினால் கதை கெட்டுப்போகும். நாலாயிரம் வந்தது, எனக்குக்கூட பிரியாணி வாங்கிக்கொடுத்தான். நானும் வெட்கமில்லாமல் தின்றேன்.

அப்புறம் சரியத் தொடங்கியது. அவன் உதாருக்கு யாரும் பயப்படவில்லை, ஒவ்வொரு தடவையும் சீட்டைத் திறக்க வைத்தார்கள். கையில் நல்ல சீட்டு வந்து ஏற்றினால் எல்லாரும் ஒதுங்கினார்கள். எவனோ என் சீட்டைப் பார்க்கிறான், ஆட்டம் நடத்தும் கம்பெனியே ஏமாற்றுகிறது என்று கத்தினான். உண்மை அதைவிடக் கேவலமாக இருந்தது. ஒரு மத்தியானம் அவனைத் துடைத்து எடுத்த ஓர் ஆள், ஊரும் தெரியாது பேரும் தெரியாது, திரையின் மூலையில் எழுதிவிட்டுப் போனான்: "அண்ணே, பொய்யா இருந்தா உங்க முறைக்குக் குடுத்த நேரம் முடியற வரைக்கும் காத்திருக்கீங்க. நிஜமா இருந்தா உடனே அமுக்கிடுறீங்க. மாத்திக்கோங்க."

அதை என்னிடம் காட்டவில்லை. விமல்தான் பிற்பாடு சொன்னான். ஏலத் தளத்தில் மற்றவர்களை நடுங்கவைத்த அந்தக் காத்திருப்பைப் போனுக்குள்ளும் கொண்டுபோயிருக்கிறான் மடையன். முகம் பார்க்க முடியாதவர்கள் கடிகாரத்தைப் பார்த்துவிட்டார்கள். தெரிந்த பிறகாவது நிறுத்தினானா? விட்டதைப் பிடிக்கிறேன் என்று இன்னும் ஒரு வாரம் ஆடினான். காசு வைத்து ஆடுவதை மூடும் சட்டம் ஆகஸ்டில் வந்தது. வந்து யாருக்கு என்ன லாபம்?

ஜூன் தொடக்கத்தில் அவனை நிறுத்தி நேராகக் கேட்டேன். "இன்னா மாமு, எவ்ளோ பூட்ச்சி?"

என் கண்ணைப் பார்த்தான். "ஒரு எட்டாயிரம். சும்மா வுடு. மொதலு அப்படியே கீது."

நான் நம்பினேன். நம்பியதோடு சும்மா இருந்திருக்கலாம். மனசு கேட்காமல், ஐஸ் வாங்க வந்த கோவிந்தம்மாவிடம் சொன்னேன். "கோவிந்தம்மாக்கா, தேசப்பன் ரெண்டு மாசமா பேஜார்ல கீறான். மொத நாளு மட்டும் அவன்கூட மல்லுக்கு நிக்காத. ஒரு நல்ல மீனு எடுத்துக்கட்டும்." அந்த அம்மாள் வெற்றிலையைத் துப்பிவிட்டு, சரி என்று தலையாட்டினார்.

முதல் படகுகள் வந்த அன்று காலை தேசப்பன் சலவைச் சட்டை போட்டு வந்தான். பையில் நாலாயிரம்கூட இல்லை. இதெல்லாம் பிறகு தெரிந்தது. அன்றைக்கு வாயைத் திறக்காமல் நின்றால் கை காலி என்று தளம் முழுக்கத் தெரிந்துபோகும், நாளைக்கு அவன் உதாரை யார் மதிப்பார்கள்? அதனால் பெரிய மீனாகப் பார்த்துக் கேட்பது, கோவிந்தம்மா வழக்கம்போல் மேலே ஏறுவார், மானத்தோடு ஒதுங்கிக்கொள்வது. இரண்டு மாதத்தில் அவன் போட்ட கணக்குகளில் இதுதான் புத்திசாலித்தனமானது.

வஞ்சிரம், ஒவ்வொன்றும் கை நீளம், ஆறு கூடை. ஒருதரம். ரெண்டுதரம்.

"அம்பத்திரண்டாயிரம்" என்றான் தேசப்பன்.

கோவிந்தம்மா வாயைத் திறந்தார். என்னைப் பார்த்தார். மூடிக்கொண்டார். நான் சிரித்தேன். ஆமாம், சிரித்தேன்.

மற்றவர்களும் கேட்கவில்லை. கோவிந்தம்மாவே விடுகிறார் என்றால் விலை அதிகம் என்று நினைத்திருப்பார்கள்.

மூணுதரம்.

"எடுத்துக்க நைனா, மொத நாளு" என்று கோவிந்தம்மா மனசு நிறைந்து சொன்னார்.

தேசப்பன் நகரவில்லை. ஏலக்காரர் கையை நீட்டிக்கொண்டு நின்றார். படகுக்காரர் வந்து எதிரில் நின்றார். "இன்னா தேசப்பா, காசு?" அவன் சட்டைப் பையைத் தொட்டான், பையில் இருப்பதுபோல. பிறகு கையை எடுத்துவிட்டான்.

"இல்ல" என்றான்.

மீனை மறுபடி ஏலம் விட்டார்கள். ஏழாயிரம் குறைவாகப் போனது. படகுக்காரர் அவன் தாயை இழுத்துத் திட்டினார், யாரும் தடுக்கவில்லை. நானும்தான். இருபது வருடம் நின்ற இடத்திலிருந்து அவன் தலையைக் குனிந்துகொண்டு வெளியே போனதை எல்லாரும் ஒதுங்கி நின்று பார்த்தோம். அதன் பிறகு அவன் அந்தத் தளத்தில் கால் வைக்கவில்லை.

இப்போது என் டிப்போவில் ஐஸ் பார் தூக்குகிறான். நர்மதா எண்ணூர் பக்கம் இறால் உரிக்கப் போகிறாள். அவனுக்குக் கூலி கொடுக்கும்போதெல்லாம் எனக்குக் கை கூசுகிறது, ஆனாலும் கொடுக்கிறேன், அவனும் வாங்கிக்கொள்கிறான். போன வாரம் ஐஸ் பாரை இறக்கி வைத்துவிட்டுக் கேட்டான்.

"மாமு, அன்னிக்கு அந்தம்மா ஏன் வுட்டுச்சி? பதினோரு வருசத்துல ஒரு நாளும் வுட்டதில்லையே."

"எனக்கு இன்னா தெரியும்" என்றேன்.

இருபது வருடம் அடுத்தவர் மூஞ்சியைப் படித்தே சோறு தின்றவன் என் மூஞ்சியைப் பார்த்தான். நம்பினான்.