தட்டினால் வாற முயல்

முத்தத்திலை பேத்தி சிரட்டையிலை தட்டி விளையாடுறாள். அந்தச் சத்தம் எனக்கு இண்டைக்கும் ஆகாது.

சின்னனிலை என்னட்டை வெள்ளை முயலொண்டு நிண்டது. முருக்கமிலை குடுத்துக் குடுத்து, சிரட்டையிலை தட்டினால் ஓடிவந்து பின்னங்காலிலை எழும்பி நிக்கப் பழக்கினனான். மற்ற ஆக்களைக் கண்டால் பத்தைக்குள்ளை ஓடியிடும்.

நல்லூர்க் கோயில் கொடியேறினால், திருவிழா முடிஞ்சு கொடியிறங்குமட்டும் எங்கடை வீட்டிலை மீன், இறைச்சி எண்டு ஒரு மச்சமும் சமைக்கிறேல்லை. ஒருமுறை அந்தத் திருவிழா நாளுகளிலை பெரியண்ணை என்னோடை வந்து குந்துவார்.

"எனக்கும் தட்டப் பழக்கிவிடன்ரா" எண்டார்.

எனக்கெண்டால் சந்தோசத்திலை சரியான புளுகம். எப்பவும் குட்டுற அண்ணை முயலைத் தடவுறாரே எண்டு எல்லாம் சொல்லிக்குடுத்தன்.

கொடியிறங்கின அடுத்தநாள் நான் புல்லு வெட்டிக்கொண்டு வந்தால், குசினிக்குள்ளை இறைச்சிக்கறி கொதிக்குது.

"எப்பிடியண்ணை பிடிச்சனியள்?"

"ஆர் ஓடிப் பிடிச்சது? நீ பழக்கினமாதிரித் தட்டினன். வந்து எழும்பி நிண்டுதடா" எண்டு சிரிச்சார்.