கோரையென்று நினைத்த புல்

அம்மாவை டவுனுக்கு, அஸ்தம்பட்டியில் இருக்கும் எங்கள் வீட்டுக்குக் கூட்டிவந்தது நான்தான். அப்பா போன பிறகு பரமத்தி வேலூரில் வெற்றிலைக் கொடிக்காலைக் குத்தகைக்கு விட்டுவிட்டு, அவள் ஒற்றையில் இருக்க வேண்டாம் என்று பிடிவாதம் பிடித்தேன். எங்களுடையது இரண்டாவது மாடி வீடு. ஒரே மாதத்தில் அவள் பேச்சு குறைந்துபோனது. சாப்பிட்டாயா என்றால் ஆச்சு என்பாள், அவ்வளவுதான். எனக்குப் பயமாக இருந்தது. பூங்காவுக்குப் போனால் மனசு தேறும் என்று எல்லோரும் சொன்னார்கள். பூங்கா மேல் நமக்கெல்லாம் மருந்துக்கடை மேல் இருப்பது போல ஒரு நம்பிக்கை.

தெருமுனைப் பூங்காவில் எட்டு வடிவில் நடைபாதை போட்டிருக்கிறார்கள். காலையில் அதில் நானும் என்னோடு பள்ளிக்கூடத்தில் வேலை பார்க்கும் ஆசிரியைகள் இரண்டு பேரும் சுற்றுவோம். அம்மா முதல் நாள் பார்த்துவிட்டு, எங்கேயும் போய்ச் சேராமல் இவர்கள் எதற்கு இவ்வளவு அவசரமாகப் போகிறார்கள் என்று கேட்டாள். சிரித்து மழுப்பினேன்.

அவள் வாசல் பக்கத்துப் பெஞ்சில் உட்கார்ந்துகொள்வாள். பத்தே நாளில் முகம் தெளிந்தது. காலையில் எனக்கு முன்னால் செருப்பை மாட்டிக்கொண்டு நிற்பாள். ஆசிரியைகள் இருவரும் அடுத்த கேட் வழியாக வருவதால் அம்மாவை அவர்களுக்கு அறிமுகப்படுத்தச் சமயம் வாய்க்கவில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மையில், பின்கொசுவம் வைத்த சேலையும் வெற்றிலைக் காவி ஏறிய பல்லுமாக அவளைக் காட்ட எனக்குக் கூச்சமாக இருந்தது.

அந்த வாரம் நடைபாதை ஓரமாக ஏதோ அலங்காரப் புல்லைப் புதிதாக நட்டிருந்தார்கள். ஒல்லியாக, கரும்பச்சையாக இருக்கும். கொடிக்காலில் நாற்பது வருஷம் கோரைக் களையோடு மல்லுக்கட்டியவளின் கண்ணுக்கு அது கோரையேதான். நாங்கள் எட்டின் மறுவளைவில் இருந்தபோது காவலாளியின் சத்தம் கேட்டுத் திரும்பினேன். அம்மா தரையில் குத்தவைத்து உட்கார்ந்திருந்தாள். பிடுங்கிய புல்லை வேர்மண் தட்டி, ஒரே பக்கமாகத் தலைவைத்து, பிடிபிடியாக அடுக்கியிருந்தாள். ஒரு வரிசையே காலி. காவலாளி கையை ஆட்டி ஏதோ கேட்டுக்கொண்டிருந்தார்.

பாவம், புத்தி சரியில்லை போல என்றாள் என்னோடு நடந்தவள். அது என் அம்மா என்று நான் சொல்லவில்லை. நடையை நிறுத்தவும் இல்லை. இன்னும் ஒரு முழு எட்டு நடந்தேன். வகுப்பில் பொய் சொல்லும் பிள்ளைகளை எழுப்பி நிற்க வைக்கிறவள் நான்.

அவர்கள் இருவரும் கிளம்பிய பிறகே அம்மாவிடம் போனேன். வீட்டுக்கு வந்ததும், என் மேல் இருந்த கோபத்தையெல்லாம் அவள் மேல் காட்டினேன். பூங்காவில் எதையும் தொடக் கூடாது என்று தெரியாதா என்று கத்தினேன்.

"தொடக்கூடாதுன்னா அப்பறம் மண்ணுகிட்ட என்னத்துக்கு அம்மிணி போறது?" என்றாள்.

மறுநாளிலிருந்து அவள் வரவில்லை. பழையபடி ஆச்சு, சரி என்று ஒற்றைச் சொல்லாகிவிட்டாள். யோசித்துப் பார்த்தால், பூங்காவில் நாமெல்லாம் விருந்தாளிகள். நிழலில் உட்காரலாம், காற்று வாங்கலாம், கை வைக்க முடியாது. எனக்கு அது நிம்மதி. அவளுக்கு அது சும்மா இருக்க விதித்த தண்டனை.

போன வாரம் அந்தக் காலி இடத்தில் நிஜமான கோரையே முளைத்திருந்தது. ஒன்றைப் பிடுங்கி வந்து அவளிடம் நீட்டினேன். வாம்மா, காவலாளியிடம் என் அம்மா என்று நானே சொல்கிறேன் என்றேன். அவள் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"கிழங்கு உள்ளயே நின்னுபோச்சு. மறுபடியும் வரும்."

வேரில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டிக்கொண்டே, சாதாரணமாகச் சொன்னாள்.

"அன்னிக்கு நீ திரும்பிப் பாத்ததை நானும் பாத்தன் அம்மிணி. கூட ஆளுங்க இருந்தாங்களேன்னுதான் கூப்புடல. கூட ஆரு வந்தாங்கன்னு அந்த வாட்ச்மேன் கேட்டாரு. ஆரும் வல்லீங்கன்னு சொல்லிப்போட்டன்."

கோரையை என் கையிலேயே கொடுத்துவிட்டு, சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.