படலையில் சாய்த்த மலர்வளையம்

குருநகர் ஜெசிதா எதையும் ஒன்றுக்கு மூன்று தரம் பார்க்கிறவள். கறிக்கு உப்புப் போட்டாலும் திரும்பத் திரும்ப நாக்கில் வைத்துப் பார்ப்பாள். ஆனாலும் ஆனைக்கும் அடி சறுக்கும் என்பது அவளுக்கும் பொருந்திப்போனது.

வெளிநாட்டுக்காரர் யாழ்ப்பாணத்து உறவுகளுக்குக் கேக்கும் பூவும் அனுப்பும் ஒரு கடையின் இணையத்தளத்தை அவள்தான் பார்க்கிறாள். முகவரியைத் தானே நிரப்பும் கருவி ஒன்றைத் தெரிந்தெடுக்கச் சொன்னார் முதலாளி றொகான். இரண்டு கிடைத்தன. ஒன்று, நாலெழுத்துத் தட்டியதும் முழு முகவரியையும் போட்டுவிடும். மற்றது ஊரைக் கேட்கும், வரைபடத்தில் வீட்டைக் காட்டச் சொல்லும். ஜெசிதாவுக்கு மற்றதுதான் பிடித்தது.

“வெளிநாட்டுச் சனத்துக்கு எழுதப் பஞ்சி, சரியான சோம்பேறியள், பிள்ளை. சந்தேகமெண்டா வீட்டுக்குப் போன் எடுத்துக் கேப்பம்தானே?” என்றார் றொகான்.

“செத்தவீட்டுக்கு என்னண்டு அண்ணை போன் எடுக்கிறது?”

அவர் சிரித்தார். அவள் தன் வீட்டு முகவரியைத் தட்டிப் பார்த்தாள். சரியாக வந்தது. அதோடு முதலாவது கருவியையே தளத்தில் போட்டுவிட்டாள்.

போன மாதம் கனடாவிலிருந்து ஒருவர், வடமராட்சியில் இறந்துபோன தகப்பனுக்கு மலர்வளையம் அனுப்பினார். அழுதழுது ‘மாதா கோயில் ஒழுங்கை’ என்று தெருப்பெயரைத் தட்டியவர், முதலில் வந்த வரியையே அமத்திவிட்டார். அது குருநகரில் அதே பெயருள்ள ஒழுங்கை. கொண்டுபோனவரோ, செத்தவீட்டில் ஆளைக் கூப்பிடுவது அழகில்லை என்று தெருவாசல் படலையில் சாய்த்துவிட்டுப் போய்விட்டார்.

அது ஜெசிதாவின் அயல்வீட்டு லூர்த்தம்மாவின் படலை. மகன் கிறிஸ்ரோபர் கடலுக்குப் போயிருந்தான். விடிந்தும் படகு வரவில்லை. படலையைத் திறந்து வளையத்தைக் கண்ட தாய், ஊருக்கெல்லாம் தெரிந்த சேதி தனக்குத்தான் கடைசியாக வந்திருக்கிறது என்று நினைத்து மண்ணில் விழுந்து குழறி அழுதாள்.

மத்தியானம் கிறிஸ்ரோபர் வந்தான். படகின் இயந்திரம் பழுதாம். வளையம் உரிய வீட்டுக்குப் போனபோது அங்கே அடக்கம் முடிந்திருந்தது.

ஜெசிதா றொகானோடு சண்டை பிடித்து அன்றே கருவியை மாற்றினாள். பிறகு லூர்த்தம்மாவிடம் போனாள்.

“அன்ரி, நான் போட்ட சாமானாலை வந்த வினை. மன்னியுங்கோ.”

“நீ வேணுமெண்டு செய்யேல்லைத்தானே, பிள்ளை. மன்னிச்சிட்டன்.” லூர்த்தம்மா வாசலைப் பார்த்தாள். “ஆனா அவன் கடலுக்குப் போற ஒவ்வொரு நாளும், விடிய நான்தானே உந்தப் படலையைத் திறக்கவேணும்.”