யானை இருந்த சொம்பு

எங்கள் வீட்டுப் பித்தளைச் சொம்பில் தண்ணீர் இருந்ததைவிட யானை இருந்ததுதான் அதிகம். அப்பாவின் தங்கை, என் அத்தை, அதை வாயருகே பிடித்துப் பேசினால் கூடமே அதிரும். மூக்கைப் பிடித்துக்கொண்டு பேசினால் எலி.

தாம்பரத்தில் எங்கள் சர்ச் ஞாயிறு பள்ளியில் ஆங்கிலோ இந்தியப் பிள்ளைகளும் நாங்களும் ஒரே பெஞ்சில் நெருக்கியடித்து உட்காருவோம். அவர்களுக்குத் தமிழ் தகராறு, எங்களுக்கு இங்கிலீஷ் தகராறு. அங்கே பாடம் எடுத்த அத்தை தமிழில் ஓர் அடி, ஆங்கிலத்தில் ஓர் அடி என்று தானே பாட்டுக் கட்டிப் பாடுவாள். கதையில் யானைக்குத் தமிழ், எலிக்கு ஆங்கிலம். மாற்றிப் பேசினால் நாங்கள் விடமாட்டோம். இதைக் கேள்விப்பட்டு வானொலி நிலையத்திலிருந்து கூப்பிட்டார்கள். முதல் நிகழ்ச்சி நன்றாக அமைந்தால் வாராவாரம் தருவதாகச் சொன்னார்கள். அத்தையோ தந்துவிட்டதாகவே நினைத்துக்கொண்டு, குரோம்பேட்டையில் பார்த்துவந்த டீச்சர் வேலைக்கு ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டு வந்து நின்றாள்.

அப்பா கொதித்துப் போனார். "டீச்சர் வேலைய விட்டுட்டு யாராவது எலி மாதிரி கத்தப் போவாங்களா? இது ஊத்திக்கிச்சுன்னா அந்த வேலை திரும்பக் கிடைக்குமா?"

"கிடைக்காதுண்ணா. அதான் பயமா இருக்கு" என்றாள் அத்தை. பயப்படுகிறவள் முகமாக அது இல்லை.

நிகழ்ச்சியன்று சொம்பைத் துணிப்பையில் போட்டுக்கொண்டு மின்சார ரயில் ஏறினாள். தெருப் பிள்ளைகள் மொத்தமும் எங்கள் ரேடியோவின் முன்னால். அப்பா தனக்கென்ன என்பதுபோல் பேப்பரை விரித்துக்கொண்டார், ஆனால் ரேடியோவுக்குப் பக்கத்து நாற்காலியில். பாட்டு அருமையாகப் போயிற்று. பிறகு கதை. நேரடி ஒலிபரப்பு என்பதால் சொன்னது சொன்னதுதான். எலி வரவேண்டிய இடத்தில், பதற்றத்தில் மூக்கைப் பிடிக்காமல் சொம்பைத் தூக்கிவிட்டாள் போலிருக்கிறது. யானைக் குரல் முழங்கியது:

"ஐ யாம் எ வெரி, வெரி லிட்டில் மவுஸ்!"

அப்பாவின் பேப்பர் மெல்ல இறங்கியது. "போச்சு" என்றார். எனக்கு அழுகையே வந்துவிட்டது. ரேடியோவில் ஒரு மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டது. அப்புறம் எலி கீச்சிட்டது, அதுவும் அசல் மெட்ராஸ் தமிழில்.

"இன்னா யானண்ணா, என் டயலாக்க நீ பேசிகினு கீற? அப்ப நான் இன்னா பண்றது?"

"நீ யானையா இருந்துக்கோ" என்றது யானை, சாவகாசமாக.

பிள்ளைகள் உருண்டு புரண்டு சிரித்தார்கள். அவர்களுக்கும் முன்னால் சிரித்தவர் அப்பா. பேப்பரால் முகத்தை மூடிக்கொண்டார், தோள் குலுங்கியது. வாராவார நிகழ்ச்சி கிடைத்தது. எலி இனித் தமிழும் பேசட்டும் என்று நிலையத்தாரே சொல்லிவிட்டார்கள். அதன் பிறகு அனகாபுத்தூர் வரை அத்தை பாடாத பள்ளி ஆண்டு விழா இல்லை. சினிமாவில் அழுத குழந்தைகளில் பாதிக்குக் குரல் எங்கள் அத்தைதான் என்று அப்பாவே ஊரெல்லாம் பெருமையடித்தார்.

போன ஞாயிற்றுக்கிழமை என் பேரப்பிள்ளைகள் கதை கேட்டு அத்தையைச் சூழ்ந்துகொண்டார்கள். நான் சொம்பைத் துடைத்துக் கொண்டுபோய் நீட்டினேன். வயதானதில் அந்தக் குரல் நூலாக மெலிந்துவிட்டது. கேட்கும்போதெல்லாம் எனக்கு மனசு கனத்துப் போகும். அத்தை சொம்பை என் பக்கமே தள்ளினாள்.

"நீ யானையா இருந்துக்கோடி. எலிக்கு நான் இப்ப மூக்கையே பிடிக்க வேண்டாம்."

நான் சொம்பை வாயருகே தூக்கினேன்.