பாலம் கலங்கிய படம்

எங்கள் வீட்டு ஆல்பத்தில் ஹவுரா பாலம் எல்லாப் படத்திலும் பளிச்சென்று இருக்கும். அதன் முன்னால் நிற்கும் அப்பாவும் அம்மாவும்தான் கலங்கலாக இருப்பார்கள். பட்டனை அழுத்தினால் போதும், மற்றதை அதுவே பார்த்துக்கொள்ளும் என்று அப்பா ஆசையாக வாங்கிய சின்ன ஃபிலிம் கேமரா. "லென்ஸே சரியில்லப்பா" என்று எத்தனை முறை அதைத் திட்டியிருப்பேன்!

ஃபிலிம் கேமரா மறுபடி ஃபேஷனாகிவிட்டதே என்று, போன குளிர்காலத்தில் அதைத் தூசி தட்டி எடுத்துக்கொண்டு, இருவரையும் டாலிகஞ்ச் வீட்டிலிருந்து ஆற்றங்கரைக்கு அழைத்துப் போனேன். ஃபெர்ரிக்குக் காத்திருந்த ஒரு பெங்காலிப் பெண் நான் படமெடுப்பதைப் பார்த்துச் சிரித்துவிட்டாள்.

"தீதி, இந்தக் கேமரா நட்டநடுவில் இருப்பதைத்தான் ஃபோகஸ் பண்ணும். நடுவில் பாலம்தானே இருக்கிறது?"

அப்போதுதான் கவனித்தேன். அப்பாவுக்கும் அம்மாவுக்கும் நடுவே இன்னொரு ஆள் நிற்கலாம். வெளியே போனால் அவர்கள் எப்போதுமே அப்படித்தான் நிற்பார்கள்.

"மாஷிமா, ஆரோ காச்சே!" இன்னும் கிட்டே வரச் சொல்லி அவள் அம்மாவுக்குக் கைகாட்டினாள்.

"இந்த வயசுல என்ன இதெல்லாம்" என்று அம்மா நெளிந்தாள். அப்பாதான் நகர்ந்து வந்து, அம்மாவின் தோளை ஒட்டி நின்றார். நான் அழுத்தினேன். கேமரா கிர்ரென்று ஃபிலிமைச் சுற்றிக்கொண்டது.

இந்தக் குளிர்காலத்தில் அப்பா இல்லை. கூடத்தில் அந்தப் படம்தான் மாட்டியிருக்கிறது. வருகிறவர்கள், பின்னால் மங்கலாகத் தெரிவது என்ன என்று கேட்கிறார்கள்.

"அது கிடக்கு, எங்க ரெண்டு பேரையும் பாருங்க" என்கிறாள் அம்மா.