பரவைக்கு வந்து சேர்ந்த தூவர்கள்

காலை ஒன்பது மணிக்கு மாட்டுத்தாவணி பேருந்து நிலையத்தில் இறங்கினேன். திருச்சியிலிருந்து நூற்று முப்பது கிலோமீட்டர். பரவைச் சந்தையில் காய்கறிக் கடை வைத்திருக்கும் முருகேசன் பைக்கோடு நின்றிருந்தார். நான் இணையத்தில் எழுதும் தொடர்கதைக்கு அவருடைய தம்பி செந்தில் வாசகர். போன மாதம் இறந்துவிட்டார். "ஒருநா வந்துட்டுப் போங்கண்ணே, அவசரம்" என்று மட்டும் முருகேசன் போனில் சொல்லியிருந்தார்.

என் கதையில் வருபவர்கள் தூவர்கள். வேறொரு கிரகத்து உயிர்கள். மூன்று கை, இறகு மூடிய உடம்பு. அவர்களுக்கு எழுத்தும் இல்லை, சமாதியும் இல்லை. ஒருவர் இறந்தால் அவருடைய பழக்கங்களை வீட்டார் ஆளுக்கொன்றாக எடுத்துக்கொள்வார்கள். ஒன்றைக்கூட விடக்கூடாது என்பது சட்டம். ஒரு குலமே கதவை இரண்டு முறை தட்டிவிட்டு நுழைகிறது என்றால், என்றைக்கோ வாழ்ந்த ஒருத்தி அப்படித் தட்டியிருக்கிறாள். அவர்களுடைய சரித்திரம் அதுதான். மொட்டை மாடியில் உட்கார்ந்து விளையாட்டாக யோசித்தது.

விளாங்குடி தாண்டியதும் முருகேசன் விசிலடித்தார். அடிக்கடி காற்றாகப் போனது.

"நமக்கு வராதுண்ணே. தம்பி அடிப்பான். ஒரு மாசமாப் பழகுறேன்" என்றார்.

எனக்கு அப்போது உறைக்கவில்லை. வீட்டில் செந்திலின் மனைவி கலா எனக்கு டீ கொடுத்துவிட்டு, தன் டம்ளரில் ஒரு சிட்டிகை உப்புப் போட்டுக் குடித்தார். குமட்டலை அடக்கிக்கொண்டு குடித்து முடித்தார்.

"அவரு இப்படித்தான் குடிப்பாரு. உங்க கதைய ஒண்ணு விடாம எங்களுக்கு வாசிச்சுக் காட்டுவாரு."

டம்ளரைக் கீழே வைத்தேன்.

"எல்லாத்தையும் பிரிச்சுக்கிட்டோம்ணே" என்றார் முருகேசன். "அவன் ஈரலு கெட்டது குடியாலதான். அந்தக் குடிய அப்பா எடுத்துக்கிட்டாரு. எழுபது வயசு வரைக்கும் தொடாத மனுசன். வேணாம்னா, சட்டம் இருக்குங்கிறாரு. நீங்கதான் சொல்லணும்."

கொல்லைப்புறத்தில் பெரியவர் பாட்டிலோடு உட்கார்ந்திருந்தார். வெயில் ஏறியிருந்தது.

"அது வெறும் கதைங்கய்யா" என்றேன்.

"தெரியும் தம்பி. எனக்கென்ன கிறுக்கா? அவென் எதுக்கு இம்புட்டுக் குடிச்சான்னு ஒருநா கூட நான் கேட்டதில்ல. இப்பவாவது பாக்க வேணாமா?"

அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். பிறகு சொன்னேன்: "தூவர்களுக்கு இன்னொரு சட்டம் உண்டுங்கய்யா. வீட்டார் சுமக்கக் கூடாத பழக்கத்த வெளியூர்க்காரன் ஒருத்தன் வாங்கிட்டுப் போயிடுவான்."

"இப்பத்தான இந்தச் சட்டத்தக் கட்டுனீக?"

"ஆமாங்கய்யா."

அவர் பாட்டிலை மூடி என்னிடம் நீட்டினார். "வாங்குனவன் அத என்ன செய்வான்?"

"தெரியலைங்கய்யா."

"தெரிஞ்சப்பெறகு எழுதுங்க. கத வாசிக்கிறதும் எம் பங்குதான்."

மதியம் திருச்சிப் பேருந்தில் பக்கத்து இருக்கைக்காரர் என் பையை மோந்துவிட்டு எழுந்து பின்னால் போனார். நான் குடிப்பவன் அல்ல. வீட்டுக்கு வந்ததும் சாக்கடையில் ஊற்றிவிடலாம் என்று மூடியைத் திறந்தேன். ஊற்ற முடியவில்லை. செந்திலை நான் பார்த்ததே இல்லை. அவருடைய பங்கு ஒன்று என் வீட்டு அலமாரியில் இருக்கிறது.