நேர்ந்துவிட்ட அரைச் சேவல்

வீட்டுச் சேவல் நோய் வந்து செத்த பிறகு, என் கணவர் யாழ்ப்பாணத்துக்குப் போய் பாண்டம் என்கிற குள்ளச் சாதிச் சேவல் ஒன்றோடு எங்கள் நெடுந்தீவில் வந்து இறங்கினார். எழுபதுகளின் தொடக்கம். நான் அப்போது பிள்ளைத்தாய்ச்சி. எங்கள் முதல் பிள்ளை பேர் வைப்பதற்கு முன்பே போய்விட்டது. அதன் பிறகு அந்த வீட்டில் யாரும் வாய்விட்டுச் சிரித்ததில்லை. ஆனால் புறாவைவிடக் கொஞ்சம் பெரிய அந்தச் சேவலைப் பார்த்ததும் எனக்கு அடக்க முடியவில்லை.

"எங்கட கோழியளிலை உது ஏறேலாமல் விழப்போகுது," என்றேன்.

"சேவலெண்டால் சேவல்தானே," என்றார். கோழி வளர்ப்பில் அவருக்கு இருந்த ஞானம் அவ்வளவுதான்.

சேவலுக்குத் துணிச்சலில் குறைவில்லை. எங்கள் பெரிய வெள்ளைப் பேடுகளின் முதுகில் ஏறும், சறுக்கி விழும், கொத்து வாங்கும். பிறகு ஒரு தந்திரம் பழகியது. பேடு புழுதி குளிக்கக் குழியில் படுக்கும்வரை கல்வேலி ஓரத்தில் காத்து நிற்கும். அப்படியும் அடை வைத்த முட்டைகளில் பாதிக்கு மேல் கூழ்முட்டை. பொரித்த குஞ்சுகளிலும் சேவலாகத் தேறியது ஒன்றே ஒன்று.

அதை என் கணவரின் தாய், மாமி, என்னை ஒரு வார்த்தை கேட்காமலே வைரவருக்கு நேர்ந்துவிட்டார். என் வயிற்றில் இருப்பது உயிரோடு பிறந்து தங்கினால் இந்தச் சேவல் வைகாசி வேள்வியில் வெட்டிப் பலி கொடுக்க. அதன் காலில் மஞ்சள் துணியும் கட்டினார். நேர்ந்ததை விற்கக் கூடாது, கறி வைக்கக் கூடாது, இன்னொன்றால் மாற்றவும் கூடாது. இது எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் தெரிந்த கட்டுப்பாடு. ஆனால் பெரிய பேட்டின் பெரிய முட்டையில் வந்தது தாயைப் போலத்தான் வளரும் என்று மாமி நினைத்துவிட்டார். குஞ்சாக இருந்தபோது வித்தியாசம் எங்களில் ஒருவருக்கும் தெரியவில்லை.

மாசியில் மகள் பிறந்தாள். மருத்துவிச்சி குளிப்பாட்டித் துடைத்து நீட்டியபோது மாமி வாங்கவில்லை. கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"முதலிலை வைரவருக்குரியதைக் குடுப்பம். பிறகு தூக்கிறன்."

முதல் பிள்ளையைக் கீழே விடாமல் தூக்கி வைத்திருந்தவர் அவர்தான். அது அவர் மடியிலேயே போனது. அதனால் நானே கை நீட்டிப் பிள்ளையை வாங்கினேன்.

வைகாசி வேள்வி நெருங்கியது. மாமி காலையில் சேவலைத் தூக்கி நெஞ்சைத் தடவிப் பார்ப்பார். ஊறவைத்த குரக்கன் தானியத்தைக் கையால் அலகில் தீத்துவார். அதற்குக் கொண்டை சிவந்தது, காலில் முள் வந்தது, கூவவும் தொடங்கியது. உடம்பு மட்டும் ஏறவில்லை. வேள்வியன்று அதைத் தூக்கிக்கொண்டு வாசல் படலைவரை போனவர், ஊரார் கொண்டுபோகிற சேவல்களைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தார்.

"அரைச் சேவலைக் குடுத்தால் அரை உயிர்தான் தருவார்," என்றார்.

அந்தச் சொல் எனக்குள் போய் இருந்துவிட்டது. பிள்ளைக்கு உடம்பு சுட்டால், பால் குடிக்க மறுத்தால், கொஞ்சம் கூடுதலாக நித்திரை கொண்டால், நான் மூக்கடியில் விரல் வைத்துப் பார்த்தேன். மாமியில் ஆத்திரம் வந்தது. அதைவிடப் பயம். சேவல் மெல்லிய குரலில் கூவினால் பிள்ளையிடம் ஓடுவேன். மகளோ கைதட்டிச் சிரிப்பாள்.

நடக்கத் தொடங்கியதும் அவள் மாமியின் சேலைத் தலைப்பைப் பிடிக்கப் போவாள். மாமி இரண்டு கைகளையும் மேலே தூக்கிக்கொண்டு, நெருப்புக்கு ஒதுங்குவதுபோல ஒதுங்குவார். பிள்ளை விளையாட்டென்று நினைத்துச் சில நாள் துரத்தினாள். பிறகு அந்தப் பக்கம் போவதை விட்டுவிட்டாள்.

அடுத்த வேள்விக்கு முன்னர் கோயில் பூசாரி வீட்டுக்கு வந்தார்.

"ஏன் போன முறை கொண்டு வரேல்லை?"

"வளரட்டுமெண்டு பாத்துக்கொண்டிருக்கிறன்," என்றார் மாமி.

பூசாரி சேவலைப் பார்த்தார். முற்றத்தில் கிளறிக்கொண்டிருந்த பாண்டத்தையும் பார்த்தார்.

"இது அதின்ரை வித்தெல்லே? இனி ஒரு நாளும் வளராது. நீங்கள் நேர்ந்தது இதைத்தானே? இதையே கொண்டு வாங்கோ."

மாமி நின்ற இடத்திலேயே குந்திவிட்டார்.

வேள்வியன்று சேவலைக் கொடுத்துவிட்டு வந்து கிணற்றடியில் முழுகினார். ஈரத்தலையோடு நேரே எங்களிடம் வந்தார். மகள் என் முழங்காலைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மாமி நிலத்தில் அமர்ந்து இரண்டு கைகளையும் நீட்டினார். அந்த முகத்தில் அப்படியொரு சிரிப்பை நான் அதற்கு முன் கண்டதில்லை.

"வாணை என்ர ராசாத்தி."

மகள் அந்நிய ஆளைக் கண்டதுபோல வீரிட்டாள். என் மேல் ஏறிக் கழுத்தை இறுக்கிக்கொண்டாள். நான் அவளைப் பிடுங்கி எடுத்து மாமியின் மடியில் வைத்தேன். உடம்பை வில்லாக வளைத்து, மூச்சு அடைக்க அடைக்க அழுதாள். மாமி ஒருமுறை அவள் உச்சியை மோந்தார்.

"கொண்டுபோ பிள்ளை," என்றார் என்னிடம், "பயப்பிடுறாள்."